சித்திர சபையும் அணுத்துகளும்

(திருக்குற்றாலத்தில் மார்கழித் திருவாதிரை விழாவின்போது நிகழ்த்திய சொற்பொழிவு)

குழல்வாய்மொழியம்மை உடனாய திருக்குற்றாலநாதப் பெருமானின் திருவடிகளையும், அண்மையில் தென்காசிப் பதியில் உலகம்மையோடு எழுந்தருளியிருக்கும் காசி விசுவநாதப் பெருமானின் திருவடிகளையும் நெஞ்சார வணங்குகின்றேன்.

நாளை வைகறையில் ஆருத்திரா தரிசனம். ஐந்து அம்பலங்களுள் ஒன்றாகிய சித்திர சபைக்கு அருகில் அமர்ந்து இன்று மாலை நாம் சிந்திக்க எடுத்துக்கொண்ட பொருள், 'ஆடல்வல்லானும் அணுவும்' என்பது. தலைப்பைக் கண்டவுடன், 'அணுவைப் பிளக்கும் வித்தை நம்மவர்க்கு அன்றே தெரியும் என்று இவர் ஒரு மணி நேரம் முழங்கப் போகின்றார்' என உங்களுள் சிலர் எண்ணியிருக்கலாம். திருக்குறளின் பெருமையைக் கூற அவ்வையார் சொன்னதாக வழங்கும் உவமை ஒன்றைப் பிடித்துக்கொண்டு, அணு உலையையே நம் முன்னோர் கட்டியிருந்ததுபோலப் பேசும் மேடைகள் உண்டு. அந்தப் பேச்சு இன்று இல்லை. அத்தகைய பேச்சை நானே ஒருமுறை பேசி நாணமுற்ற வரலாறு உண்டு. அதை முதலில் உங்கள் முன் ஒப்புக்கொண்டுவிடுகின்றேன்.

2012-ஆம் ஆண்டு ஜூலை 4-ஆம் நாள், ஜெனீவா நகரை அடுத்துள்ள 'செர்ன்' என்னும் ஆராய்ச்சி நிலையத்தார், ஹிக்ஸ் போசான் என்னும் புதிய துகளைக் கண்டதாக அறிவித்தார்கள். 'கடவுள் துகள் கண்டுபிடிப்பு' என்று செய்தித்தாள்கள் கொட்டை எழுத்தில் அச்சிட்டன. அதே நிலையத்தின் வளாகத்தில் ஏறத்தாழ 2 மீட்டர் உயரமுள்ள நடராசர் திருவுருவம் ஒன்று நிற்கின்றது. இந்திய அரசு அன்பளிப்பாக வழங்கியது அது. இரண்டையும் முடிச்சுப் போட எனக்கு நெடுநேரம் ஆகவில்லை. அந்த ஆண்டு மார்கழியில் ஓர் ஊர்த் திருவிழா மேடையில், 'பூமிக்கடியில் சுரங்கம் வெட்டி மேனாட்டார் தேடிக் கண்டது யாரை? நம் கூத்தப்பெருமானை! அதனாலன்றோ அங்கே அவன் உருவத்தை நிறுவினார்கள்!' என்று பேசினேன். கைதட்டல் அடங்கச் சிறிது நேரமாயிற்று.

மேடையை விட்டு இறங்கியபோது, பௌதிகம் பயிலும் மாணவி ஒருத்தி தன் பாட்டியாரைக் கைப்பிடித்து அழைத்துக்கொண்டு வந்தாள். "ஐயா, அந்தத் துகள் தோன்றிய மாத்திரத்திலேயே சிதைந்து வேறு துகள்களாகிவிடும் என்று எங்களுக்குச் சொல்லித் தந்திருக்கிறார்கள். அதுதான் சிவபெருமான் என்று தாங்கள் சொன்னீர்கள். அப்படியானால் சிவபெருமானுக்குப் பிறப்பும் இறப்பும் உண்டா?" என்று கேட்டாள். பாட்டியார், "பெரியவர்களிடம் இப்படியா கேட்பது, பேசாமலிரு" என்று அவளை அதட்டினார். அதட்டப்பட வேண்டியவன் நான். பிறப்பிலி, இறப்பிலி என்று நாள்தோறும் போற்றுகின்ற நாவினால், கண்ணிமைப்பதற்குள் கோடி கோடி முறை பிறந்திறக்கக்கூடிய ஒரு துகளைச் சிவம் என்று சொல்லிவிட்டேன். சைவன் செய்யத்தகாத பிழை அது. 'அந்த உருவம் 2004-ஆம் ஆண்டு ஜூன் 18-ஆம் நாளே திறந்து வைக்கப்பட்டது, ஐயா. துகள் அகப்பட்டது எட்டாண்டு கழித்துத்தானே' என்று அவள் மெல்லச் சொன்னது அதற்குமேல் ஓர் அடி.

அன்று தொடங்கி, அத்துறையைப் பற்றி எளியார்க்கு எழுதப்பட்ட நூல்களைப் படித்தேன். அறிந்தாரிடம் கேட்டும் தெளிந்தேன். தெரிந்துகொண்டதை நம் ஊர்ப் பொருள்களை வைத்தே சொல்ல முயல்கின்றேன்.

பொங்குமாகடலில் விழுந்து பொங்கிக் கீழிறங்கும் பேரருவியில் நீராடிவிட்டுத்தான் உங்களில் பலர் இங்கே வந்திருக்கின்றீர்கள். அந்த நீரில் ஒரு கை, அதாவது 18 கிராம், அள்ளுவதாகக் கொள்வோம். அதனுள் இருக்கும் நீர் மூலக்கூறுகளின் எண்ணிக்கையை எழுத வேண்டுமானால், 6 என்னும் எண்ணை எழுதி அதன்பின் 23 சுழிகளை இட வேண்டும். அம்மூலக்கூறு ஒவ்வொன்றும் இரண்டு ஹைட்ரஜன் அணுக்களும் ஓர் ஆக்சிஜன் அணுவும் சேர்ந்தது. அணு என்றால் பகுக்க முடியாதது என்றே நெடுங்காலம் எண்ணினார்கள். 1897-ஆம் ஆண்டில் ஜே. ஜே. தாம்சன் என்னும் ஆங்கிலப் பேராசிரியர், அணுவைக் காட்டிலும் மிகச் சிறியதாகிய எலெக்ட்ரான் என்னும் மின்துகளைக் கண்டார். அணு பகுக்கப்பட்டது. 1911-இல் ரூதர்போர்டு, அணுவின் நடுவில் கரு ஒன்று இருப்பதை நிறுவினார். பின்னர் அக்கருவுக்குள் புரோட்டான் அறியப்பட்டது. 1932-இல் சாட்விக் நியூட்ரானைக் கண்டார்.

அந்தக் கரு எவ்வளவு சிறியது? தென்காசிக் கோபுரத்தை நினைத்துக்கொள்ளுங்கள். ஏறத்தாழ 180 அடி உயரம். ஒரு ஹைட்ரஜன் அணுவை அந்த உயரத்துக்குப் பெருக்கினால், அதன் கரு ஒரு கசகசா விதையின் அளவே இருக்கும். அணுவின் எடை முழுவதும், ஒரு சிறு பங்கு நீங்கலாக, அந்தக் கசகசாவுக்குள் இருக்கின்றது. மற்ற இடமெல்லாம் எலெக்ட்ரான் ஒன்று உலவும் வெளி. கல் என்றும் தூண் என்றும் நாம் தொட்டுப் பார்க்கும் பொருளின் உள்ளிருப்பு இது.

கருவிலுள்ள புரோட்டானும் நியூட்ரானும்கூட முடிந்த முடிவல்ல. அவை குவார்க்குகள் என்னும் துகள்களால் ஆனவை என்ற கருத்தை 1964-இல் கெல்மான், ஸ்வைக் என்னும் இருவர் தனித்தனியே வெளியிட்டார்கள். பின்னர் நடந்த சோதனைகள் அதனை மெய்ப்பித்தன. மேல் குவார்க்கு இரண்டும் கீழ்க் குவார்க்கு ஒன்றும் சேர்ந்தால் புரோட்டான். மேல் ஒன்றும் கீழ் இரண்டும் சேர்ந்தால் நியூட்ரான். 'மேல்', 'கீழ்' என்பன இட்ட பெயர்களே; திசையைக் குறிப்பன அல்ல. இந்தக் கணக்கில் பார்த்தால், குற்றால நீரின் மூலக்கூறு ஒன்றில் மேல் குவார்க்கு 28, கீழ்க் குவார்க்கு 26, எலெக்ட்ரான் 10. அவ்வளவுதான். அருவி நீரும், அதில் நனைந்த பாறையும், கரையிலுள்ள குறும்பலா மரமும், நம் உடம்பும் இந்த மூவகைத் துகள்களின் கூட்டே. எண்ணிக்கை மாறுகின்றது, பொருள் மாறுவதில்லை.

இன்னொரு வியப்பும் உண்டு. புரோட்டானின் மூன்று குவார்க்குகளுக்கும் உரிய எடையைக் கூட்டினால், புரோட்டானின் எடையில் நூற்றில் ஒரு பங்குதான் வருகின்றது. எஞ்சிய 99 பங்கும், அவை ஓயாது துடிக்கும் துடிப்பிலும், அவற்றைப் பிணைத்திருக்கும் ஆற்றலிலும் இருக்கின்றது. அசையாத கல் என்று நாம் கருதுவதன் எடையெல்லாம் உள்ளே நிகழும் அசைவின் எடை. இந்த இடத்தில் கூத்து, தாண்டவம் என்ற சொற்கள் நாவின் நுனிக்கு வந்துவிடுகின்றன. எனக்கும் வருகின்றன. ஆயினும் சற்றுப் பொறுப்போம்.

ஜெனீவாவில் நடராசர் நிற்பதற்குக் காரணமான எண்ணம் எங்கிருந்து புறப்பட்டது என்பதை அறிந்தால் நீங்கள் மகிழ்வீர்கள். சென்னையில் நல்லசாமிப் பிள்ளை அவர்கள் நடத்திய 'சித்தாந்த தீபிகை' என்னும் ஆங்கிலச் சைவ இதழ், எலெக்ட்ரான் கண்டறியப்பட்ட அதே 1897-இல்தான் தோன்றியது. கொழும்பில் தமிழ்த் தந்தையாருக்குப் பிறந்த ஆனந்த குமாரசுவாமி, சிவ தாண்டவம் பற்றிய தம் கட்டுரையை 1912-இல் அவ்விதழில் வெளியிட்டார். திருமந்திரம், உண்மை விளக்கம் முதலிய நம் நூல்களையே அதில் சான்றாகக் காட்டினார். 1918-இல் அது நூலாகி உலகமெங்கும் பரவியது. அதன்பின் 1975-இல் பிரிட்ஜாப் காப்ரா என்னும் பௌதிக அறிஞர், துகள்களின் ஓயாத தோற்ற ஒடுக்கத்தைத் தாண்டவத்தோடு ஒப்பிட்டு ஒரு நூல் எழுதினார். செர்ன் வளாகத்து நடராசரின் அருகில் அவருடைய கருத்தே பொறிக்கப்பட்டிருக்கின்றது. ஆக, ஒப்புமை நம் நூல்களிலிருந்து சென்றது. அன்பளிப்பு நம் நாட்டிலிருந்து சென்றது. இதில் மகிழ்ச்சி கொள்ளலாம். ஆனால் ஒப்புமை வேறு, சான்று வேறு. முகத்தைத் தாமரை என்பதனால் முகத்தில் தண்டும் வேரும் தேடுவாருண்டா?

'கடவுள் துகள்' என்னும் பெயரின் கதையும் அத்தகையதே. லெடர்மன் என்னும் அமெரிக்கப் பௌதிக அறிஞர் 1993-இல் எழுதிய நூலுக்கு வைத்த தலைப்பு அது. அந்தத் துறையினரில் பெரும்பாலோர் அப்பெயரை விரும்புவதில்லை. நம் வங்காளத்துச் சத்தியேந்திரநாத் போசின் பெயரால் வழங்கும் 'போசான்' என்ற வகையில் அஃது ஒன்று. 27 கிலோமீட்டர் சுற்றளவுள்ள நிலத்தடிச் சுரங்கத்தில் புரோட்டான்களை மோதவிட்டு அதனைக் கண்டார்கள். குவார்க்கு, எலெக்ட்ரான் முதலிய அடிப்படைத் துகள்கள் தமக்குரிய எடையைப் பெறுவதற்குக் காரணமான ஒரு புலம் உலகெங்கும் பரந்திருக்கின்றது என்பதற்கு அத்துகள் அடையாளம். பெரிய கண்டுபிடிப்பு. அதனைக் கருதிச் சொன்ன ஹிக்ஸ், ஆங்லேர் என்னும் இருவருக்கும் 2013-இல் நோபல் பரிசு வழங்கப்பட்டது. அதற்குக் கடவுள் என்னும் பட்டம் வேண்டியதில்லை.

மெய்யன்பர்களே! நம் சித்தாந்தம் இந்தத் துகள்களை எங்கே வைக்கும்? குடத்துக்குக் குயவன் நிமித்த காரணம், மண் முதற்காரணம், தண்டும் திகிரியும் துணைக் காரணம். அவ்வாறே உலகுக்கு இறைவன் நிமித்த காரணன், மாயை முதற்காரணம், அவன் சத்தி துணைக் காரணம். பரமாணுக்களே உலகுக்கு முதற்காரணம் என்று நையாயிகர் கூறியபோது நம் ஆசிரியர்கள் அதனை ஏற்கவில்லை. அறிவற்றதாய்ப் பலவாய் இருப்பது எதுவோ அது காரியமே. அதற்குமேல் ஒரு காரணம் இருந்தாக வேண்டும் என்றார்கள். இதோ, இம்மலைத் தொடரின் தெற்கே பொதியச் சாரலில், விக்கிரமசிங்கபுரத்தில் தோன்றிய மாதவச் சிவஞான முனிவர், மாயையின் இயல்பை மாபாடியத்தில் எத்துணை நுட்பமாக விரித்திருக்கின்றார்! குவார்க்கில் ஆறு வகை, எலெக்ட்ரான் இனத்தில் ஆறு வகை, இவற்றோடு விசைகளைச் சுமக்கும் துகள்கள், ஹிக்ஸ் என்று இன்று பதினேழு வகை சொல்லப்படுகின்றது. பலவாய் இருக்கின்றன, அறிவற்றும் இருக்கின்றன. ஆதலின் நம் கணக்கில் இவையனைத்தும் மாயையின் காரியங்களே. விஞ்ஞானிகள் இதனை ஒப்ப வேண்டும் என்று நான் கேட்கவில்லை. எலெக்ட்ரானையோ குவார்க்கையோ பகுத்துக் கண்டவர் இதுவரை எவருமில்லை என்பதையும் மறைக்கக் கூடாது. நாம் கூறுவது தத்துவ நூலின் முடிபு. சோதனைச் சாலையின் முடிபு அன்று.

ஆனால் ஓரிடத்தில் இருசாராரும் ஒரே வினாவைக் கேட்டார்கள். சிவஞானபோதத்தின் முதற் சூத்திரம், உலகம் தோன்றுதல், நிற்றல், ஒடுங்குதல் என்னும் மூன்று தொழிலை உடையது என்று தொடங்குகின்றது. தென்காசிக் கோயிலைக் கட்டிய பராக்கிரம பாண்டிய மன்னன் இதனை நன்குணர்ந்தவன். தான் எழுப்பிய கோயிலுக்குப் பழுது நேரும் என்று அவனுக்குத் தெரியும். எதிர்காலத்தில் அப்பழுதைத் தீர்ப்பவர்களின் திருவடிகளில் வீழ்ந்து வணங்குவதாகக் கல்லில் வெட்டி வைத்தான். கோபுரம் சிதைந்தது, நெடுங்காலம் மொட்டையாய் நின்றது. 1990-இல் திருப்பணி முடிந்து குடமுழுக்கு நடந்தபோது அந்தக் கல்வெட்டை நினைந்து கண்ணீர் விட்டவர்கள் இந்தக் கூட்டத்திலும் இருப்பார்கள்.

கோபுரம் அழியும், கோபுரத்தின் கல் அழியும், கல்லின் உள்ளிருக்கும் புரோட்டான் அழியுமா? இந்த வினாவுக்கு விடை தேடிய இடங்களுள் முன்னோடியானது நம் அண்டையிலுள்ள கோலார் தங்கவயல். தமிழ்த் தொழிலாளர்கள் தலைமுறை தலைமுறையாக இறங்கி உழைத்த சுரங்கம் அது. இரண்டே கால் கிலோமீட்டருக்கும் மேற்பட்ட ஆழத்தில், மேலுள்ள பாறையே காப்பாக, டாடா ஆராய்ச்சி நிலையத்தார் ஜப்பானியரோடும் ஆங்கிலேயரோடும் சேர்ந்து கருவிகளை அமைத்தார்கள். வான்வெளிக் கதிர்களால் நம் காற்று மண்டலத்தில் பிறக்கும் நியூட்ரினோ என்னும் நுண்துகளை உலகில் முதன்முதலாகப் பதிவு செய்த சோதனைகளுள் ஒன்று 1965-இல் அங்கே நிகழ்ந்தது. பின்னர் 1980-ஆம் ஆண்டு முதல் 140 டன் இரும்பை அடுக்கி, அதனுள் ஒரு புரோட்டானாவது அழிகின்றதா என்று காத்திருந்தார்கள். அழிவுபோலத் தோன்றிய சில நிகழ்ச்சிகளை அவர்கள் வெளியிட்டதும் உண்டு. பிறநாட்டுப் பெருங்கருவிகள் அதனை உறுதி செய்யவில்லை. ஜப்பானில் ஒரு மலையினடியில் 50,000 டன் நீரை வைத்துக்கொண்டு 1996 முதல் பார்த்து வருகின்றார்கள். நீரின் புரோட்டான் ஒன்றுகூட இறந்ததாக அவர்கள் காணவில்லை. அவர்கள் முதன்மையாகத் தேடிய வழியில் அது சிதைவதாயின், அதன் ஆயுள் 1 எழுதி 34 சுழியிட்ட ஆண்டுகளுக்கும் மேற்பட்டது என்கின்றார்கள். இந்தப் பிரபஞ்சத்துக்கோ இதுவரை ஏறத்தாழ 1,380 கோடி ஆண்டுதான் ஆகியிருக்கின்றது.

கோலார்ச் சுரங்கம் 2001-இல் மூடப்பட்டுவிட்டது. தாம் விரும்பிய விடை கிடைக்காதபோது, கிடைக்கவில்லை என்று எழுதிவைக்கும் அந்த ஒழுக்கத்தை நினைக்கும்போதெல்லாம் என் பழைய மேடைப் பேச்சு என்னைச் சுடுகின்றது.

எல்லாத் துகளும் இப்படி நீண்ட ஆயுள் உடையன அல்ல. கருவினின்றும் பிரிந்த நியூட்ரான் ஏறத்தாழ 15 நிமிடத்தில் சிதைகின்றது. மியூவான் என்றொரு துகள் உண்டு. எலெக்ட்ரான் இனத்தைச் சேர்ந்தது. அதைவிட ஏறத்தாழ 207 மடங்கு எடை உடையது. வான்வெளிக் கதிர்கள் காற்று மண்டலத்தின் உச்சியில் மோதுவதால் பிறந்து பொழிகின்றது. அதன் ஆயுள் ஒரு வினாடியின் பத்து லட்சத்தில் இரண்டு பங்குக்குச் சற்று மேல். ஒளிக்கு ஏறத்தாழ ஒத்த விரைவில் வருவதால் அதன் காலம் நம் கணக்கில் நீள்கின்றது. அதனால் தரைவரை வந்து சேர்கின்றது. உள்ளங்கையை விரித்து வைத்தீர்களானால் நிமிடத்துக்கு நூறு அளவில் அதன் வழியே ஊடுருவிச் செல்லும். சாரல் இல்லாத கோடையில், அருவி வறண்டு பாறை தெரியும் நாளிலும் இந்த மழை ஓய்வதில்லை. நான் பேசத் தொடங்கியதிலிருந்து உங்கள் ஒவ்வொருவர் மீதும் எத்தனை ஆயிரம் பெய்திருக்கும்! அவற்றுள் ஒன்றுகூட உங்களை அறியவில்லை. நீங்களும் அதனை அறியவில்லை. நீங்கள் முயன்றால் அறியலாம். அதனால் உங்களை அறிய முடியாது. பசுவுக்கும் பாசத்துக்கும் உள்ள வேற்றுமையை இதைவிட எளிதாக எனக்குக் காட்டத் தெரியவில்லை.

இங்கே 'அணு' என்ற சொல்லைப் பற்றிக் கூற வேண்டும். சிவாகமங்களில் அணு என்பது உயிருக்கு ஒரு பெயர். இயல்பிலே வியாபகமான உயிரை அணுத்தன்மைப்படுத்திக் குறுக்கி வைத்திருப்பதனால்தான் மூலமலத்துக்கு ஆணவம் என்று பெயர். விஞ்ஞானியின் அணு மாயையின் துணுக்கு. சைவனின் அணு நீங்களும் நானும்.

இதனை மனத்தில் வைத்துக்கொண்டு கூத்தனின் திருமேனியைப் பாருங்கள். உடுக்கை ஏந்திய கை படைத்தல். அமைத்த கை காத்தல். அனல் ஏந்திய கை அழித்தல். ஊன்றிய திருவடி மறைத்தல். தூக்கிய திருவடி அருளல் என்று உண்மை விளக்கம் உணர்த்தும். துகள்கள் தோன்றுகின்றன, நிற்கின்றன, சிதைகின்றன. முதல் மூன்று தொழிலுக்கு அங்கே ஒப்புமை காணலாம். காப்ரா கண்டதும் அதுவே. எஞ்சிய இரண்டுக்கு? ஒரு குவார்க்குக்கு மறைக்க வேண்டிய அறிவு ஏது? ஓர் எலெக்ட்ரானுக்கு எதனிலிருந்து விடுதலை? மறைத்தலும் அருளலும் உயிருக்கே. தூக்கிய திருவடி துகளுக்காகத் தூக்கப்பட்டதன்று. ஆணவத்தால் அணுவாய்க் குறுகிக் கிடக்கும் நமக்காகத் தூக்கப்பட்டது. ஜெனீவாவில் நிற்கும் அவ்வுருவத்திலும் அந்தத் திருவடி தூக்கியபடியேதான் இருக்கின்றது. அங்குள்ள கருவி எதுவும் அதனை அளக்காது. அளக்க வேண்டும் என்று நாம் கேட்பதும் முறையன்று.

மாணிக்கவாசகப் பெருமான் திருவண்டப்பகுதியில், வீட்டினுள் நுழையும் வெயிலில் மிதக்கும் நுண்துகள்களை எடுத்துக்காட்டினார். எதற்கு? அத்துகளைப்போல அண்டங்களெல்லாம் சிறுத்துத் தோன்றும்படி இறைவன் பெரியவன் என்பதற்கு. துகள் என்றது உலகங்களை, இறைவனை அன்று. அந்த ஒரு பகுதியை ஒழுங்காக ஓதியிருந்தால் நான் அன்று மேடையில் வழுக்கி விழுந்திருக்க மாட்டேன்.

இனிச் சித்திர சபைக்கு வருகின்றேன். மற்ற அம்பலங்களில் பெருமான் திருமேனி கொண்டு ஆடுகின்றான். இங்கே செப்புத் தகட்டுக் கூரையின் கீழ், சுவரில், வண்ணத்தில் ஆடுகின்றான். சிறுவனாயிருந்தபோது என் தாயார் என்னை அங்கே அழைத்துச் சென்றது நினைவிருக்கின்றது. விளக்கொளியில் நின்று, 'அம்மா, இது வெறும் சாயந்தானே?' என்று கேட்டேன். அம்மா, 'சாயம்தான், கும்பிடு' என்றார்கள். சாயத்தில் ஒரு பொடியைச் சுரண்டி எடுத்து ஆராய்ந்தால் அணுக்கள் கிடைக்கும். அணுவில் கரு கிடைக்கும். கருவில் குவார்க்கு கிடைக்கும். எத்தனை நுட்பமாகத் தேடினாலும் பொடிக்குள் ஆடல் கிடைக்காது. ஆடல் அங்கே இல்லாமலும் இல்லை. நாம் எல்லோரும் பார்க்கின்றோமே! தேடிய இடம் தவறு, அவ்வளவே. சுவரையும் சாயத்தையும் பழிப்பதும் தவறு. சாயம் உதிராமல் காப்பதற்கு அதன் அணுக்களை அறிந்தவர்களின் உதவி நமக்கு வேண்டியிருக்கின்றது.

அந்த மாணவிக்கு என்ன விடை சொன்னேன் என்று நீங்கள் கேட்கவில்லையே! "பிழை என்னுடையது, அம்மா. சிவபெருமானுக்குப் பிறப்பும் இல்லை, இறப்பும் இல்லை. அடுத்த முறை மேடையேறும்போது திருத்திச் சொல்லிவிடுகின்றேன்" என்றேன். பல மேடைகள் கடந்துவிட்டன; இன்றுதான் முழுதும் சொல்ல வாய்த்தது. தீபாராதனைக்கு மணி ஒலிக்கின்றது. தாய்மார்கள் குழந்தைகளை எழுப்பிக்கொள்ளுங்கள். சபை வாயிலில் படி வழுக்கும், பார்த்து நடக்க வேண்டும்.

திருச்சிற்றம்பலம்.